செத்தவர் பேசக் கூடாது

எங்கள் அலுவலகத்தில் ஹார்லன் செத்துப்போனது மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு. அப்போது அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஹார்லன் பேட்சோல்ட் யாரு?" என்று கேட்டாள் ரெனாட்டா. மில்வாக்கியிலிருந்து வந்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரி. வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் பரீட்சை ஹாலில் சுற்றி வரும் வாத்தியார் நடை.

"நான்தாம்மா. என்ன விஷயம்?"

"நீங்க இப்பதான் காலமானீங்க சார்." உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்து அவர் சட்டைப் பையின் மேல் ஒட்டித் தட்டிக் கொடுத்தாள். அதில் கொட்டை எழுத்தில் ‘காலமானார்’ என்று இருந்தது. "ஆழ்ந்த அனுதாபங்கள்."

ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

நாங்கள் மாட்டு வம்சாவளிக்காரர்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் எந்தப் பண்ணையில் எந்தக் கறவை எந்தக் கன்றை ஈன்றது, அதன் தாய் யார், தாயின் தாய் யார் என்று இரண்டு லட்சம் மாடுகளின் கதையைப் பதிந்து வைத்திருக்கும் சங்கம் எங்களுடையது. தன் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாத பண்ணைக்காரருக்கும் தன் மாட்டின் ஏழு தலைமுறை தெரிந்தாக வேண்டும். அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர். பதிவு மேசையில் நான். என் பெயர் லவோன். சான்றிதழ் அச்சடிப்பது டுவெய்ன். கம்ப்யூட்டர் அத்தனையும் ஹார்லன். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சர்வர் அறைக்குள் அவரைத் தவிர ஈ, எறும்பு போனதில்லை. பத்தொன்பது வருஷ சகவாசத்தில் அவர் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை ‘தொடாத’ என்பதுதான்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு ஹார்லன் பேக்கப் எடுப்பார். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து டிஸ்க். அன்றைய டிஸ்கைச் செருகி, பாஸ்வேர்டைக் கையால் அடித்துப் பூட்டி, பச்சை விளக்கு எரியும்வரை பக்கத்திலேயே நிற்பார். வெள்ளிக்கிழமை டிஸ்க் மட்டும் அவரோடு வீட்டுக்குப் போகும். அலுவலகமே எரிந்து போனாலும் அந்த ஒன்று தப்பிக்கும் என்பது கணக்கு. மகள் கல்யாணத்தன்றும் சர்ச்சிலிருந்து நேராக, கோட்டில் பூவோடு வந்து டிஸ்க் மாற்றிவிட்டுப் போன மனுஷன் அவர்.

இதில் வயிறெரிந்தது அவர் மனைவி ஆர்டிஸுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த ஒரு கேம்பர் வேன் வாங்கினாள். அதில் ஏறி அலாஸ்கா போக வேண்டும், இரண்டு மாசம், அவளும் அவரும். ஒவ்வொரு கோடையிலும் ஹார்லன் ஒரே பாட்டுத்தான் பாடுவார். "நான் போயிட்டா பேக்கப்ப யார் பாப்பாங்க? ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா திருப்பி எடுக்க இங்க யாருக்குத் தெரியும்? லவோனுக்கா?" என்னை நடுவில் இழுத்ததை நான் மறக்கவில்லை.

இப்போது ஜன்னல் விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால் ரெனாட்டா எனக்குப் போன் செய்தாள். தகவல்களைத் தொலைத்தால் ஈடு கட்டும் பாலிசி எங்களிடம் இருக்கிறது. அதற்கு இந்த வருஷத்திலிருந்து ஒத்திகை பார்க்க வேண்டுமாம். "உங்க ஆபீஸ்ல யார் ஒருத்தர் இல்லன்னா எல்லாமே படுத்துரும்?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "அப்ப அவரச் சாகடிச்சுரலாம். யார்கிட்டயும் சொல்லிறாதீங்க," என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆர்டிஸிடம் மட்டும்தான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமையே, ஊர்க்காரர்கள் எல்லோரும் மீன் வறுவல் விருந்துக்குக் கூடியிருந்த ஹாலில், ஆர்டிஸ் எழுந்து நின்று முள்கரண்டியால் தம்ளரைத் தட்டினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! நீ இல்லாம அந்த ஆபீஸ்ல பேக்கப்பத் திருப்பி எடுத்துட்டாங்கன்னா என்கூட அலாஸ்கா வருவியா, மாட்டியா? ஊருக்கு முன்னாடி சொல்லு!"

"எடுத்துக் காட்டச் சொல்லு," என்றார் ஹார்லன், வாய் நிறைய மீனோடு. "அன்னிக்கே வண்டில ஏறிடறேன்."

"எடுக்கலன்னா?"

"எடுக்கலன்னா, இனிமே அலாஸ்காங்கிற பேச்சே நம்ம வீட்ல இருக்கக் கூடாது."

"சரி," என்று கை நீட்டினாள் ஆர்டிஸ். நூற்று இருபது பேர் முன்னால் இருவரும் கை குலுக்கினார்கள். ஹாலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அவர் எந்தக் குழிக்குள் காலை விட்டிருக்கிறார் என்று. அதில் ஒருத்தி நான். அன்றைக்கு மீன் ரொம்ப ருசியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ரெனாட்டா தான் கொண்டுவந்த உறையைப் பிரித்து ஒத்திகையின் கதையைப் படித்தாள். சர்வர் அறை எரிந்து சாம்பலாகிவிட்டது. கம்ப்யூட்டர் தெரிந்தவர் காலமாகிவிட்டார். அவள் கொண்டுவந்திருக்கும் வெறும் கம்ப்யூட்டரில் எங்கள் பதிவுகளை உயிர்ப்பித்து, அவள் சொல்லும் மாட்டின் வம்சாவளியைச் சாயங்காலம் நாலு மணிக்குள் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும்.

"செத்தவருக்கு என்ன ரூல்ஸ்?" என்று கேட்டான் டுவெய்ன். அவனுக்கு இது பிறந்தநாள் மாதிரி இருந்தது.

"பேசக் கூடாது, எழுதக் கூடாது, கை காட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது. மீறினா அந்த நிமிஷமே ஃபெயில். உக்காரலாம், தூங்கலாம், சாப்பிடலாம்."

"சாப்பிடலாமா? அப்ப இந்தாங்க." மேசை மேல் ஒரு பையைத் தள்ளினான் டுவெய்ன். அன்று காலையில் ஆலையில் போட்ட சீஸ் துண்டுகள். புதிதாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் ‘கீச்’சென்று கத்தும், மறுநாள் ஊமையாகிவிடும். எங்கள் ஊரில் கத்தாத சீஸைப் பூனைக்குப் போடுவார்கள். ஹார்லனுக்கு அது உயிர். ஆனால் கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் தடுத்து நாலு மாசம் ஆகிறது. அவர் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சர்வர் அறைக் கதவின் குறுக்கே மஞ்சள் நாடா கட்டினாள் ரெனாட்டா. "இந்த ரூம்ல இருக்கிற எதுவும் இப்ப கிடையாது. பேக்கப் எங்க இருக்கு?"

"அஞ்சு டிஸ்க் இருக்கு," என்றேன் பெருமையாக. "நாலு இங்கயே இருக்கு."

"இங்கயேன்னா?"

கதவின் கண்ணாடி வழியே பார்த்தேன். சர்வருக்கு நேர் மேலே, ஒரு முழம் உயரத்தில், சின்ன அலமாரி. அதில் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நாலு டிஸ்கும் அழகாக அடுக்கியிருந்தன.

"எரிஞ்சுபோச்சு," என்றாள் ரெனாட்டா. குறித்துக்கொண்டாள். ஹார்லனின் காது மடல் சிவந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் ‘தொடாத, தொடாத’ என்றவர், வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியையும் அதே வளையத்தில் கோத்து வைத்தவர் மாதிரி செய்திருக்கிறார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சமாகத்தான் சிரித்தேன்.

மிச்சம் வெள்ளிக்கிழமை டிஸ்க். ஆர்டிஸுக்குப் போன் போட்டேன்.

"செத்துட்டாரா?" என்று கேட்டாள் எடுத்ததும்.

"நிம்மதியாப் போயிட்டாரு. வெள்ளிக்கிழமை டிஸ்க எங்க வெப்பாரு?"

"எனக்கென்னடி தெரியும்? சாப்பாட்டுப் பெட்டியில வெச்சுக் கொண்டாருவாரு, அப்புறம் எங்கயோ கொண்டுபோய் வெப்பாரு. கேட்டா, வெளில தெரியக் கூடாது, அதான் பாதுகாப்புன்னு பெரிய மந்திரி மாதிரி பேசுவாரு. இரு, வீட்டக் கவுத்துப் பாக்கறேன்."

நாங்கள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அரை மணிக்கொரு தரம் ஆர்டிஸ் கூப்பிட்டுச் செய்தி சொன்னாள். துப்பாக்கி அலமாரியில் இல்லை. மீன்பிடி சாமான் பெட்டியில் இல்லை, ஆனால் அங்கே ஒளித்து வைத்த சாக்லேட் இருந்தது. ஃப்ரீசரில் இல்லை. ஹார்லனின் கண் மட்டும் அவர் வீடு இருக்கும் திசைக்குப் போய்ப் போய் வந்தது. அதை ரெனாட்டா பார்த்துவிட்டாள்.

"சார், செத்தவங்க கண்ணு இப்படி அலையாது." நாற்காலியோடு அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். பாவம் என்று சீஸ் பையையும் அவர் மடியில் வைத்தாள்.

பன்னிரண்டரை மணிக்கு வெளியே பெரிய வண்டிச் சத்தம். ஆர்டிஸின் கேம்பர் வேன் எங்கள் வாசலில் மூன்று கார் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஆர்டிஸ் குதித்து இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முகம் தக்காளி மாதிரி இருந்தது.

"ரக்கூன்!" என்று கத்தினாள் ஹார்லனின் முதுகைப் பார்த்து. "வண்டிக்குள்ள ரக்கூன் குட்டி போட்டிருக்கு, கிட்டப் போகாத, கடிச்சு வெச்சுடும்! இப்படி எத்தன தரம் சொன்ன என்கிட்ட? மூணு வருஷமா என் சொந்த வண்டிக்குப் பக்கத்துல போகாம இருந்திருக்கேன். லவோன், வந்து பாரு. இந்த ரக்கூன் என்ன பண்ணி வெச்சிருக்குன்னு வந்து பாரு!"

போய்ப் பார்த்தோம். படுக்கை இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரி. அதில் இருபத்திரண்டு வருஷத்து மாதக் கடைசி பேக்கப் அத்தனையும், இருநூற்றுச் சொச்சம், வரிசை வரிசையாக. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பின் மேல் வெப்பமானி. ஆர்டிஸ் அலாஸ்காவுக்காகத் தைத்து வைத்திருந்த பூப்போட்ட திரையால் அலமாரியை மூடியிருந்தார், தூசி படாமல் இருக்க.

"எது கடைசி டிஸ்க்னு எனக்குத் தெரியல. அதான் மொத்தத்தையும் ஓட்டிட்டு வந்துட்டேன்," என்றாள் ஆர்டிஸ். அப்புறம் கொஞ்சம் குரல் இறங்கி, "நல்லாத்தான் ஓடுது வண்டி," என்றாள்.

ரெனாட்டா வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் நாப்பத்தோரு ஆபீஸ் பாத்திருக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்ல," என்றாள். திட்டினாளா பாராட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரையையும் மீறித் தூசி ஏறியிருந்தது, தூசி படியாத டிஸ்க் ஒன்றே ஒன்றுதான். எடுத்துக்கொண்டு ஓடினேன். வெறும் கம்ப்யூட்டரில் செருகினேன். தலைகீழாகச் செருகியிருந்தேன், எடுத்துத் திருப்பிச் செருகினேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தொடுகிறேன் அல்லவா? விளக்கு எரிந்தது. திரையில் ஒரு கட்டம் வந்தது. பாஸ்வேர்ட் கேட்டது. கீழே சிவப்பில், மூன்று தடவை தப்பாக அடித்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும் என்று போட்டிருந்தது.

"பாஸ்வேர்ட் எங்க எழுதி வெச்சிருக்காரு?" என்றாள் ரெனாட்டா.

"அதெல்லாம் விவரமா எழுதியிருக்காரு," என்றான் டுவெய்ன். "‘நான் லாரியில் அடிபட்டால்’னு ஒரு ஃபைல். பன்னெண்டு பக்கம். எல்லாமே அதுல இருக்கு. நானே பாத்திருக்கேன்."

"அந்த ஃபைல் எங்க?"

டுவெய்ன் வாயைத் திறந்தான். மஞ்சள் நாடாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

சர்வரில் இருந்தது. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டியிருந்தார் எங்கள் மேதாவி. ஹார்லனின் முதுகு இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. ரெனாட்டா குறித்துக்கொண்டாள். அவள் பேனா மை தீர்ந்து இன்னொன்று எடுத்தாள்.

மணி ஒன்றரை. காகிதத்தில் எங்காவது இருக்காதா என்று அவர் மேசையைப் புரட்டினோம். அவர் கோட்டுப் பையைத் துழாவினோம். செத்தவரின் சட்டைப் பையைத் துழாவலாமா என்று டுவெய்ன் கேட்க, அனுமதி கிடைக்க, துழாவினோம். பல் குச்சியும் மாத்திரையும்தான் இருந்தன. இரண்டரை மணிக்கு நான் களைத்துப்போய் ஜெராக்ஸ் மெஷின் மேல் சாய்ந்து நின்றேன். ஆட்டமில்லாமல் கல் மாதிரி நின்றது மெஷின்.

அது ஒரு காலத்தில் ஆட்டமாய் ஆடும். பொத்தானை அழுத்தினால் மேசையோடு சேர்ந்து குதிக்கும். பிறகு ஆட்டத்தை நிறுத்தியது யார்? நான்தான். கால் கட்டையாக இருந்த பக்கத்தில் எதையோ மடித்துச் செருகினேன். எதை?

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஹார்லன் என் மேசைக்கு வந்து, அரக்கு வைத்த ஓர் உறையை நீட்டினார். "இதப் பத்திரமா வெச்சுக்க, தாயே. நான் செத்தாத்தான் பிரிக்கணும்." நான் அவர் ஏதோ உயில் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். நல்ல தடிமனான உறை.

"டுவெய்ன், இந்த மேசையத் தூக்கு!"

தூக்கினான். எடுத்தேன். நாலாக மடிந்து, அழுக்கேறி, மேசைக்காலின் வட்ட முத்திரையோடு இருந்தது உறை. ரெனாட்டா என்னைப் பார்த்தாள், குறித்துக்கொண்டாள். காலையிலிருந்து சிரித்ததற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு வரியில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆர்டிஸ்தான் பிரித்தாள். மனைவி அல்லவா. உள்ளே ஒரு சீட்டு. அதை இரண்டு தரம் படித்தாள். சீட்டை வாங்கினேன். ‘ஆர்டிஸ்சொல்வதேசரி1’ என்று எழுதியிருந்தது, இடைவெளி இல்லாமல்.

"முப்பத்தாறு வருஷம்," என்றாள் ஆர்டிஸ் மெதுவாக. "ஒரு தரம்கூட இந்த வார்த்தை அந்த வாயிலேருந்து வந்ததில்ல."

"தினமும் அஞ்சு மணிக்கு அடிச்சிருக்காரே," என்றான் டுவெய்ன்.

எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன். தப்பு என்றது திரை. இன்னும் இரண்டு தடவை.

"கடைசியில ஒண்ணுன்னு இருக்குல்ல," என்றாள் ஆர்டிஸ். "மாத்தச் சொல்லும்போதெல்லாம் அந்த நம்பர மட்டும் ஏத்தியிருப்பாரு. சோம்பேறி. வருஷத்துக்கு ஒரு தரம் மாத்தச் சொல்வாங்களா?"

"ஆமா," என்றாள் ரெனாட்டா.

ஏழு வருஷம். விரல் விட்டு எண்ணினோம். டுவெய்ன் ஏழு என்றான், நான் எட்டு என்றேன். ஏழு போட்டோம். தப்பு. மணி மூன்று முப்பத்திரண்டு. மிச்சம் ஒரே ஒரு தடவை.

ஆர்டிஸ் தன் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பார்த்தாள். அதில் அலாஸ்கா மானின் சின்னப் பொம்மை ஒன்று மூன்று வருஷமாகத் தொங்குகிறது.

"விடு, லவோன்," என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "எட்டு போட்டுப் பாரு. வரலன்னா போகட்டும். கை குடுத்தாச்சு, இனி பேச மாட்டேன். வண்டிய வித்துடலாம். அந்த ஆளுக்கு அங்க வர இஷ்டமில்ல, அவ்வளவுதான. ரக்கூனாம்."

நான் ஹார்லனின் முதுகைப் பார்த்தேன். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் செத்தவராக இருந்தால், ஜெயித்துவிடுவார். அவருடைய அறை, அவருடைய ஐந்து மணி, அவருடைய ‘தொடாத’ எல்லாமே அவருக்கே. எனக்கு அந்த முதுகின் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது, காப்பிக் கோப்பையை எறியலாமா என்றிருந்தது. விசைப்பலகையில் ‘ஆர்டிஸ்சொல்வதேசரி’ வரை அடித்து, எட்டின் மேல் விரலை வைத்தேன்.

‘கீச்.’

திரும்பினேன். ஹார்லனின் தாடை அசைந்தது. பையிலிருந்து ஒரு சீஸ் துண்டை எடுத்து, வாயில் போட்டு, ஒரே கடி கடித்து விழுங்கியிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு உனக்கு?" என்று ஆரம்பித்தாள் ஆர்டிஸ்.

‘கீச்.’

இன்னொரு துண்டு. ஒரே கடி. விழுங்கல். இடைவெளி.

‘கீச்.’

நான் ஆர்டிஸின் கையைப் பிடித்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். டுவெய்ன் உதட்டை அசைத்து எண்ண ஆரம்பித்தான். நான்கு. ஐந்து. ரெனாட்டா தன் காகிதங்களில் எதையோ மும்முரமாகத் தேடினாள். ஆறு. ஏழாவது துண்டு பெரிதாக இருந்தது போல, கஷ்டப்பட்டு விழுங்கினார். எட்டு. நிற்கப் போகிறது என்று நினைத்தேன். ஒன்பது. மனுஷன் நாலு மாச ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்கிறாரா என்றுகூடச் சந்தேகம் வந்தது. பத்து. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, மெதுவாக, தெளிவாக, கடைசியாக ஒரு ‘கீச்’.

பையைச் சுருட்டி மூடித் தரையில் வைத்துவிட்டார்.

"செத்தவருக்கு நல்ல பசி," என்றாள் ரெனாட்டா, தலை நிமிராமல்.

பதினொன்று என்று அடித்தேன். கட்டம் மறைந்தது. திரையில் ஒரு பச்சைக்கோடு இடமிருந்து வலமாக ஊர ஆரம்பித்தது. ஆர்டிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் டுவெய்னை எதற்கோ திட்டினேன்.

பச்சைக்கோடு முடியப் பதினேழு நிமிஷம் ஆனது. ரெனாட்டா சொன்ன மாட்டின் பெயர் ‘க்ளோவர்ஹில் பெட்டூனியா மூன்றாமவள்’. தட்டினேன். வந்தாள் மகராசி, தாய், தாயின் தாய், காளைமார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு. டுவெய்ன் அச்சடித்த தாள் ரெனாட்டாவின் கைக்குப் போனபோது மணி மூன்று ஐம்பத்தாறு.

அவள் ஹார்லனின் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பி, ஸ்டிக்கரை உரித்தாள். "எழுந்திருங்க சார். பிழைச்சுட்டீங்க."

ஆறரை மணி நேரம் பேசாதவர். முதல் வார்த்தை யாருக்கு என்று எல்லோரும் பார்த்தோம். அவர் என்னைத்தான் பார்த்தார்.

"ஜெராக்ஸ் மெஷினுக்கு முட்டுக் குடுத்தியா, தாயே? என் உசுர வெச்சா?"

"நீங்க டிஸ்க சர்வர் தலமேலயே அடுக்கி வெச்சதுக்கு இது பரவால்ல," என்றேன். "அது ஏன் பதினொண்ணு? கணக்கே வரலியே?"

"மாத்தினேனா இல்லியான்னு மறந்துபோய் மூணு வருஷம் ரெண்டு ரெண்டு தரம் மாத்திட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆர்டிஸ் எழுந்து வந்தாள். சாவியை அவர் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். "அதென்ன பாஸ்வேர்டு? வாயால ஒரு தரம் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

"அதெல்லாம் வெளில சொல்லக் கூடாது, ஆர்டிஸ். பாதுகாப்பு," என்றார் ஹார்லன். சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஸ்டிக்கர் இருந்த இடத்தில்.

ரெனாட்டா எங்களைப் பாஸ் செய்துவிட்டாள். கூடவே நாலு பக்கக் குறைகள். அதில் மூன்றாம் பக்கம் முழுக்க ஜெராக்ஸ் மெஷினைப் பற்றி. சீஸைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த வருஷம் ‘உணவு அனுமதி இல்லை’ என்று ரூல்ஸில் சேர்க்கப்போவதாக வாசலில் என் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் ஒன்றாம் தேதி வண்டி கிளம்பியது. இரும்பு அலமாரி இப்போது என் வீட்டுத் துணி அறையில் இருக்கிறது. என் கோட்டுகள் வராந்தாவில் தொங்குகின்றன. போவதற்கு முன்னால் ஆர்டிஸ் அவரிடம் ஒரு சத்தியம் வாங்கினாள்: இரண்டு மாசத்துக்கு ஆபீசுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அடுத்த வருஷமும் அலாஸ்கா.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே கால். டிஸ்கை எடுத்து என் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து மூடுகிறேன், போன் அடித்தது.

"மாட்டுப் பதிவுச் சங்கம், லவோன் பேசறேன்."

பதில் இல்லை. தூரத்தில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது, ரிசீவரில் விரல் முட்டியால் யாரோ தட்டினார்கள். டக், டக், டக், டக், டக். ஐந்து. நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள்.

வாரத்தின் ஐந்தாவது டிஸ்க். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எடுத்தாச்சு," என்றேன். "பச்ச விளக்கு எரிஞ்சுது, பாத்தேன். வீட்டுக்குக் கொண்டு போறேன். சர்வர் மேல வெக்கல. மெஷினுக்கு அடியிலயும் வெக்கல. போதுமா?"

ஒரு தட்டு. டக்.

பின்னாலிருந்து ஆர்டிஸின் குரல் கேட்டது. "யோவ், யாருக்குப் போன்? அங்க என்னய்யா பண்ற?" தடதடவென்று காலடிச் சத்தம். நான் ரிசீவரை வாயருகே கொண்டுபோய், "செத்தவங்க பேசக் கூடாது, ஹார்லன்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.